மேலே ஆறியது, உள்ளே ஆறவில்லை

பெட்டியில் வைத்து மோதிரம் நீட்டுகிறவர்கள் உண்டு. பூங்கொத்தில் ஒளித்து நீட்டுகிறவர்களும் உண்டு. ஆப்பிள் பன்னுக்குள் வைத்து, அடுப்பில் வேகவிட்டு நீட்ட நினைத்த மனுஷனை அன்று காலையில்தான் முதல் முறையாகப் பார்த்தேன். அதிலும் அவர் பல் டாக்டர்.

"கட்டிக்கப் போற பொண்ணைத் தங்கத்தைக் கடிக்க வெச்சு, பல்லை உடைச்சு, அப்புறம் இவரே வைத்தியம் பாக்கிறதா திட்டம் போல" என்று ஆமை சாரின் காதில் ஓதினேன். அவர் சிரிக்கவில்லை. கழுத்தைச் சட்டைக் காலருக்குள் இழுத்துக்கொண்டார்.

ஆமை சார் என் முதலாளி. தையல் கடைக்கு மேலே ஒற்றை அறையில் துப்பறியும் நிலையம் நடத்துகிறார். யோசனை வந்தால் கழுத்து உள்ளே போய்விடும். அதனால் அந்தப் பெயர். அது நான் வைத்த பெயர்தான் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. மறுக்க மாட்டேன். வண்டி பிடிப்பது, பை தூக்குவது, அவர் பேசாமல் இருக்கும்போது அவருக்கும் சேர்த்துப் பேசுவது, இவைதான் உதவியாளராக என் வேலை. கடைசி வேலையைச் சம்பளம் இல்லாவிட்டாலும் செய்வேன்.

நடந்தது இதுதான். பல் டாக்டர் முந்தின நாள் மாலை பேக்கரிக்கு வந்து, பேக்கரிக்கார அம்மாவிடம் ரகசியமாக ஒரு தங்க மோதிரத்தைக் கொடுத்திருக்கிறார். காலையில் முதல் தட்டு ஆப்பிள் பன் போடும்போது ஒன்றில் மட்டும் பழக்கூழோடு மோதிரத்தையும் வைத்து, அந்தப் பன்னைத் தனியாக எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாளும் அப்படியே செய்தாள். டாக்டர் தலை சீவி, வாசனை பூசி வந்து நின்றபோது பன்னைக் காணவில்லை.

டாக்டர் கத்தினாரோ இல்லையோ, பேக்கரிக்காரர் கத்திவிட்டார். கடை வாசலில் வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் தன் மச்சானைக் கை நீட்டி, இவன்தான் திருடன் என்றார். மச்சான் என்றால் அவர் மனைவியின் தம்பி. அடுப்பு வேலை முழுக்க அவன் கையில்தான். தாய் இல்லாத பிள்ளை. அக்காள்தான் தூக்கி வளர்த்தாள். மத்தியானத்துக்குள் மோதிரம் வராவிட்டால் போலீஸுக்குப் போவதாக டாக்டர் சொல்லிவிட்டார். மச்சானோ தன் துணிமணிகளை ஒரு பையில் அடைத்துக் கொல்லைக் கதவோரம் வைத்துவிட்டான். அவன் வீட்டை விட்டுப் போனால் நானும் போவேன் என்று அக்காள் ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கிறாள். அடுப்பு அணையாமல் ஓடுகிறது. குடும்பம் மட்டும் அணையப் பார்க்கிறது.

எங்களைக் கூப்பிட்டது பேக்கரிக்காரர். பெரிய உடம்பு, சின்ன ஸ்டூல். அதன் ஒரு கால் வேறு ஆட்டம். கல்லாவில் உட்கார்ந்து ஐஸ் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தபடி, மச்சானைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்தால் போதும் என்றார். அவர் பேசுவது பாதி புரிந்தது, பாதி வாய்க்குள்ளேயே உருண்டது. கோபத்தில் நாக்குக் குழறுகிறது என்று நினைத்துக்கொண்டேன். கவுன்ட்டரில் நிற்கும் பெண் எல்லோருக்கும் காபி கொண்டு வந்து வைத்தாள். டாக்டர் வாங்கிக் குடித்தார், நான் வாங்கிக் குடித்தேன். பேக்கரிக்காரர் தன் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, இன்னொரு முறை ஐஸ் தண்ணீர் கேட்டார்.

"மச்சான் மேல ஏன் சந்தேகம்?" என்று ஆமை சார் கேட்டார்.

"உள்ள இருக்கிறது ரெண்டே பேர். ஒண்ணு என் சம்சாரம், இன்னொண்ணு அவன். சம்சாரம் எடுக்க மாட்டா. கேட்டா அவன் பதிலே சொல்ல மாட்டேங்கிறான். திருடலேன்னா திருடலேன்னு சொல்ல வேண்டியதுதானே?"

கேள்வி நியாயமாகத்தான் பட்டது. நான் அப்போதே மச்சானுக்கு விலங்கு மாட்டிவிட்டேன், மனசுக்குள்.

நாங்கள் உள்ளே போனோம். பேக்கரிக்காரர் வரவில்லை. அவர் கல்லாவை விட்டு நகர்வதே இல்லையாம்; மாவு மூக்கில் ஏறினால் தும்மல் வருமாம். பேக்கரிக்கு முதலாளி, மாவைக் கண்டால் தும்மல். மீன் கடைக்காரருக்குத் தண்ணீரைக் கண்டால் பயம் என்பது போல இருந்தது எனக்கு.

அடுப்பறை நீளமான அறை. ஒரு சுவர் முழுக்க அடுப்பு. நடுவில் மாவு பிசையும் மேஜை. மூலையில் என் தோள் உயரத்துக்கு ஒரு மாவு டிரம். அந்த டிரம்முக்குப் பின்னால், சுவரில் ஒரு சின்னப் பலகை. மோதிரப் பன்னை அந்தப் பலகையில்தான் வைத்ததாக அக்காள் தணிந்த குரலில் சொன்னாள். யாரும் எட்டிப் பார்க்காத இடம், அதனால் பத்திரம் என்று நினைத்தாளாம். இந்த இடத்தைத் தம்பியிடம் மட்டும்தான், அதுவும் பன் காணாமல் போன பிறகுதான் சொன்னாளாம். வெளியே யாரிடமும் சொல்லவில்லை. பத்திரமாக உள்ளே வைத்தேன் என்பதோடு நிறுத்திக்கொண்டாளாம்.

நாங்கள் நுழைந்த அதே நேரம் அந்த மூலையில் மச்சான் குனிந்து நின்று, ஈரத் துணியால் சுவரைத் துடைத்துக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் துணியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். என் மனசுக்குள் விலங்கின் சாவியை இரண்டு சுற்றுச் சுற்றினேன்.

ஆமை சார் அதைக் கண்டுகொள்ளாதவர் போல அடுப்பைப் பற்றிக் கேட்டார். பன் எந்தச் சூட்டில் வேகும், வெளியே எடுத்தால் எவ்வளவு நேரம் ஆறவிடுவார்கள் என்றெல்லாம். மச்சான் அடுப்பைப் பற்றிய எல்லாவற்றுக்கும் மணியாகப் பதில் சொன்னான். மோதிரத்தைப் பற்றிக் கேட்டதும் வாயைத் தைத்துக்கொண்டான்.

"போலீஸ் வந்தா உங்களைத்தான் கூட்டிட்டுப் போவாங்க. தெரியுதா?" என்றார் ஆமை சார்.

"தெரியுது."

"அக்காவை நெனச்சுப் பாத்தீங்களா?"

"அவங்களைத்தான் நெனச்சுக்கிட்டு இருக்கேன்" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. குற்றம் குறுகுறுக்கிறது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். என் விளக்கங்கள் எப்போதும் உடனுக்குடன் கிடைக்கும். சரியாக இருக்கும் என்பதற்குத்தான் உத்தரவாதம் இல்லை.

அந்த நேரம் பார்த்து அடுத்த தட்டு ஆப்பிள் பன் அடுப்பிலிருந்து வெளியே வந்தது. வாசனை என்றால் அப்படி ஒரு வாசனை. நான் காலையில் வீட்டில் சாப்பிடாமல் ஓடி வந்தவள். மச்சான் பன்களைத் தட்டிலிருந்து மேஜைக்கு மாற்றி, வெறும் இரும்புத் தட்டைச் சுவரோரம் சாய்த்தான். ஆமை சார் அறையை அளந்துகொண்டிருந்தார். நான் மரியாதைக்குக் கொஞ்ச நேரம் பொறுத்தேன். பிறகு ஒரு பன்னை மேலாக விரலால் தொட்டுப் பார்த்தேன். இதமாகத்தான் இருந்தது. இரும்புத் தட்டைத் தொட்டேன், அதுவும் ஆறியிருந்தது. தட்டே ஆறிவிட்டதே என்று தைரியமாக ஒரு வாய் கடித்தேன்.

அடுத்து நடந்ததைக் கௌரவமாகச் சொல்ல வழியில்லை. உள்ளே இருந்த பழக்கூழ் என் மேலண்ணத்தில் போய் அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டது. துப்பறியும் நிலையத்தின் மானம், மரியாதை எல்லாவற்றையும் மறந்து, சுவரைப் பார்த்துத் துப்பினேன். தண்ணீர்க் குழாய்க்கு ஓடினேன். குழாய்க்கு அடியில் வாயைத் திறந்து நின்ற என்னைப் பார்த்து, அவ்வளவு கவலையிலும் அக்காள் சிரித்துவிட்டாள்.

"பன்னைப் பிச்சு, ஊதி, ஆவி போனப்புறம்தான் வாயில வெக்கணும். எங்க அடுப்பறையில புதுசா வேலைக்கு வர்றவங்களுக்கு முதல் பாடமே அதுதான். நாங்க யாரும் இப்படிக் கடிக்க மாட்டோம்மா" என்றாள்.

நான் பதில் சொல்லும் நிலையில் இல்லை. என் வாழ்க்கையில் அப்படி ஒரு நிலை அபூர்வம் என்பதால் ஆமை சார் அதை ரசித்திருப்பார் என்று நினைத்துத் திரும்பினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. சுவரில் நான் துப்பியதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மாவு டிரம் மூலைக்குப் போய், மச்சான் துடைத்த இடத்துக்குக் கீழே உட்கார்ந்து, சுவரும் தரையும் சேரும் இடுக்கை நகத்தால் சுரண்டினார். ஒரு துளி பழக்கூழ். காய்ந்து பழுப்பாக இருந்தது. கழுத்து காலருக்குள் போய், மெல்ல வெளியே வந்தது.

அக்காளையும் தம்பியையும் கொஞ்சம் கடை முன்னால் போய் இருக்கச் சொன்னார். அவர்கள் போனதும் மேஜை மேலிருந்த ஒரு பன்னை என் முன்னால் தள்ளினார். நான் இரண்டடி பின்வாங்கினேன்.

"ஒரே அடுப்பு. ஒரே நேரத்துல வெளிய வந்துது. தட்டு ஆறிடுச்சு, மேல் ஓடு ஆறிடுச்சு, உள்ள கூழ் மட்டும் ஆறலே. ஏன்?" என்றார்.

உள்ளே மூடி இருக்கிறது, அதனால் என்றேன். அது பாதி பதில் என்றார். மீதிப் பாதியை அவர் சொன்னபோது, எனக்கு வாய் எரிந்ததால், குறுக்கே பேசாமல் கேட்க முடிந்தது. பொருளுக்குப் பொருள் பசி வேறு. இரும்பு கொஞ்சம் வெப்பத்தை வாங்கிக்கொண்டாலே சட்டென்று சூடேறிவிடும். அந்தக் கொஞ்சத்தைக் கொடுத்துவிட்டால் சட்டென்று ஆறியும்விடும். தண்ணீர் அப்படியில்லை. அதே எடைத் தண்ணீரை அதே அளவு சூடாக்க இரும்புக்குக் கொடுத்ததைப் போல ஒன்பது மடங்கு கொடுக்க வேண்டும். வாங்கியதை எல்லாம் திருப்பிக் கொடுத்துத் தீர்க்கும்வரை அது ஆறாது. பழக்கூழில் முக்கால்வாசி தண்ணீர்தான். மேல் ஓடோ காய்ந்தது, மெல்லியது, உள்ளே காற்று.

"இதுக்குப் புத்தகத்துல தன்வெப்ப ஏற்புத்திறன்னு பேரு."

"பேரு வாய்ல நொழைய மாட்டேங்குது சார். பன்னு மட்டும் நொழைஞ்சிடுச்சு" என்றேன், வெந்த வாயோடு.

எங்கள் வீட்டு உதாரணத்தில் அது எனக்கு உடனே விளங்கிவிட்டது. என் வீட்டுக்காரர் இரும்பு. ஒரு வார்த்தைக்குக் கொதிப்பார், காபி கொடுத்தால் ஆறிவிடுவார். என் மாமியார் தண்ணீர். கோபம் ஏறவும் நாளாகும், ஏறிவிட்டால் இறங்க அதைவிட நாளாகும். மேலே தொட்டுப் பார்த்து ஆறிவிட்டதாக நம்பி வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதில்லை. ஆமை சார் இந்த உதாரணத்தைப் பாராட்டவில்லை. ஆனால் மறுக்கவும் இல்லை.

"மோதிரத்துக்கு ஆசைப்பட்டவன் பன்னைப் பிச்சு, மோதிரத்தை எடுத்துக்கிட்டு, பன்னைப் போட்டுட்டுப் போயிருப்பான்" என்றார் அவர். "இங்க பன்னே இல்ல. ஒரு துளி கூழ் சுவத்துல இருக்கு. உன்னை மாதிரியே ஒருத்தர் கடிச்சிருக்காங்க, வெந்திருக்காங்க, துப்பியிருக்காங்க. அந்த ஆள் வந்தது மோதிரத்துக்கு இல்ல. பன்னுக்கு."

"அப்ப மச்சான் இல்லையா?"

"அடுப்பறை ஆளுங்க அப்படிக் கடிக்க மாட்டாங்கன்னு அந்தம்மா இப்பதானே சொன்னாங்க. ஆறினதா ஆறலையான்னு தெரியாத ஒரு வாய் இந்தக் கடையில இருக்கு. மேலண்ணம் தோல் உரிஞ்சு இருக்கு. அதைக் கண்டுபிடிச்சாப் போதும்."

எல்லோர் வாயையும் எப்படிப் பார்ப்பது என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பல் டாக்டரை வெளியே உட்கார வைத்துவிட்டு இந்தக் கேள்வியைக் கேட்டால் யார்தான் அப்படிப் பார்க்க மாட்டார்கள்?

கடைக் கதவை இழுத்துச் சாத்தினோம். வரிசையில் நின்றவர்கள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். மோதிரத்தை வாயில் ஒளித்து வைத்திருக்கலாம், அதனால் டாக்டர் எல்லோர் வாயையும் சோதிக்க வேண்டும் என்று ஆமை சார் ஒரு புளுகை அவிழ்த்துவிட்டார். டாக்டருக்குத் தொழில் உற்சாகம் பிறந்துவிட்டது. சட்டைப் பையிலிருந்து சின்ன டார்ச்சும் குட்டிக் கண்ணாடியும் வெளியே வந்தன. காதலைச் சொல்ல வந்த இடத்துக்கும் அதையெல்லாம் எடுத்து வந்திருக்கிறார் பாருங்கள்.

முதலில் கவுன்ட்டர் பெண். ஒரு திருட்டுக்காக அவ்வளவு நேரம் யாரும் யார் வாயையும் பார்க்க மாட்டார்கள். டாக்டர் டார்ச்சை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். முப்பத்திரண்டும் முத்து முத்தாக இருப்பதாக டாக்டர் அறிக்கை கொடுத்தார். அது யாரும் கேட்காத தகவல். தினமும் இந்தக் கடையில் ஆப்பிள் பன் வாங்க வரும் பல் டாக்டருக்கு இனிப்பு மேல் அப்படி என்ன பக்தி என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அக்காளின் வாய் சுத்தம். மச்சானுக்குக் கடைவாயில் ஒரு சொத்தை, மற்றபடி சுத்தம். அடுத்து ஆமை சார் என்னைக் கை காட்டினார். நான் வாயைத் திறந்ததும் டாக்டர் இரண்டடி தள்ளி நின்று, இவள்தான் என்று என்னையே சுட்டிக் காட்டினார். மேலண்ணம் முழுக்கக் கொப்புளமாம். பேக்கரிக்காரர் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டார். துப்பறிய வந்த இடத்தில் திருட்டுப் பட்டம் வாங்கிய முதல் உதவியாளர் நானாகத்தான் இருப்பேன். அக்காள் நடந்ததைச் சொல்லி என் மானத்தில் மிச்சம் இருந்ததைக் காப்பாற்றினாள்.

"இன்னும் ஒரு வாய் பாக்கி இருக்கு" என்றார் ஆமை சார். பேக்கரிக்காரர் பக்கம் திரும்பினார்.

"நானா? உங்களைக் கூப்பிட்டதே நான்தானே?"

"அதனால என்ன? வாய் இருக்கில்ல?"

அப்போதுதான் மச்சான் பேசினான். காலையிலிருந்து ஊமையாக நின்றவன், நடுவில் வந்து நின்று, "நான்தான் எடுத்தேன். மோதிரம் என்கிட்டதான் இருந்துது. தொலைச்சுட்டேன். மாமாவை விடுங்க. போலீஸைக் கூப்பிடுங்க" என்றான்.

அக்காள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். பேக்கரிக்காரர் வெற்றியோடு ஆமை சாரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

"தம்பி, நீங்க எடுக்கலே. உங்க வாய் சுத்தமா இருக்கு" என்றார் நிதானமாக. "ஆனா யார் எடுத்தாங்கன்னு உங்களுக்குத் தெரியும். காலையில சுவத்துல கூழைப் பாத்ததுமே தெரிஞ்சிடுச்சு. அதான் தொடைச்சீங்க. டாக்டர், அவர் வாயைப் பாருங்க."

பேக்கரிக்காரர் வாயைத் திறக்க மறுத்தார். அவர் மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். வாய் தானாகத் திறந்தது. டாக்டர் டார்ச்சை அடித்துப் பார்த்துவிட்டு, என் வாயில் இருப்பதே தேவலை என்றார்.

காலையில் காபி சுட்டுவிட்டது என்று பேக்கரிக்காரர் ஆரம்பித்தார். இன்றைக்கு நீங்கள் காபியே குடிக்கவில்லையே என்று கவுன்ட்டர் பெண் அப்பாவியாகக் கேட்டாள். காபி சுட்டால் உதடும் நாக்கு நுனியும் வேகும், இப்படி மேலண்ணத்தில் ஒட்டி உரிக்காது என்று டாக்டர் முத்திரை குத்தினார். திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி அவர் விழித்தார். கத்தவும் முடியவில்லை, மெல்லவும் முடியவில்லை.

"சத்தியமா நான் மோதிரத்தை எடுக்கலே" என்றார் கடைசியில், தரையைப் பார்த்துக்கொண்டு. "நான் தின்னது என்னோட பன்னை. மாவு டிரம்முக்குப் பின்னாடி, பலகையில, தினமும் மச்சான் எனக்காக வெக்கிற பன்னு."

அக்காள் மெல்லத் திரும்பித் தம்பியைப் பார்த்தாள்.

விஷயம் மெல்ல மெல்ல வெளியே வந்தது. பேக்கரிக்காரருக்குச் சர்க்கரை. இனிப்பைத் தொடக்கூடாது என்று வைத்தியர் சொல்லி, வீட்டில் மனைவி சர்க்கரை டப்பாவுக்குப் பூட்டுப் போட்டு, தம்பியிடமும் புருஷனிடமும் தனித்தனியாகச் சத்தியம் வாங்கியிருந்தாள். இரண்டு பேரும் சத்தியம் செய்துவிட்டு, அன்று மாலையே கூட்டுச் சேர்ந்துவிட்டார்கள். மச்சான் தினமும் இருப்பதிலேயே சின்னதாக ஒரு பன் எடுத்து, நன்றாக ஆறவைத்து, அந்தப் பலகையில் வைப்பான். மாமா யாரும் பார்க்காத நேரமாக உள்ளே நழுவி, இரண்டு வாயில் முடித்துவிட்டு, தும்மியபடி கல்லாவுக்குத் திரும்புவார். எப்போதும் ஆறிய பன்னையே தின்று பழகிய மனுஷன். இத்தனை வருஷம் பேக்கரி நடத்தியும், சூடான பன்னை எப்படித் தின்பது என்று அவருக்கு மட்டும் தெரியாமலே போய்விட்டது. கெடுத்தது மச்சானின் அக்கறைதான்.

அன்றைக்கு மச்சான் பன் வைப்பதற்கு முன்னாலேயே அக்காள் மோதிரப் பன்னை அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டாள். யாரும் எட்டிப் பார்க்காத இடமாயிற்றே. மாமா வந்தார், மேலே தொட்டார், ஆறியிருந்தது, கடித்தார், வெந்தார், துப்பினார். அந்த நேரம் மனைவியின் காலடிச் சத்தம். மீதியை மெல்லாமல் தண்ணீரை ஊற்றி முழுங்கியேவிட்டார்.

"ஏதோ கெட்டியா தொண்டையில எறங்கிச்சு. ஆப்பிள் கொட்டைன்னு நெனச்சேன்" என்றார்.

எல்லோரும் அவர் வயிற்றைப் பார்த்தோம். அவரும் குனிந்து பார்த்துக்கொண்டார். மோதிரம் சுடவில்லையா என்று நான் ஆமை சாரிடம் கேட்டேன். தங்கம் இரும்பைவிட அற்பப் பசிக்காரன், அதனிடம் கொடுக்கப் பெரிதாகச் சூடு கிடையாது, சுட்டதெல்லாம் கூழ்தான் என்றார். வைத்தியரிடம் போய் ஒரு எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இயற்கை தன் கடமையைச் செய்யும்வரை காத்திருக்கும்படி பேக்கரிக்காரருக்கு யோசனையும் சொன்னார்.

டாக்டர் நாற்காலியில் சரிந்தார். அந்த மோதிரத்தை எப்படி அவள் விரலில் போடுவது என்று புலம்பினார். எவள் என்று கவுன்ட்டர் பெண் கேட்டாள். டாக்டர் டார்ச்சை ஏற்றி அணைத்து, ஏற்றி அணைத்து விளையாடினார். அவள் முகம் சிவந்தது. பிறகு, அந்த மோதிரத்தைத் தான் சத்தியமாகத் தொட மாட்டேன் என்றும், வேறு ஒன்று வாங்கி, பன் கின் எதிலும் வைக்காமல், கையில் கொண்டுவந்து கேட்டால் யோசிக்கலாம் என்றும் சொன்னாள். டாக்டர் எழுந்து நின்ற வேகத்தில் குட்டிக் கண்ணாடி கீழே விழுந்து உடைந்தது.

ஆனால் அக்காள் இதில் எதையும் கவனிக்கவில்லை. தம்பியின் முன்னால் போய் நின்றாள். அவன் தலை குனிந்திருந்தான்.

"ஊர் முன்னாடி திருடன்னு பேர் வாங்கினே. ஜெயிலுக்குக்கூடப் போகத் துணிஞ்சே. அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?"

"சொன்னா நீ மாமாகிட்ட பேச மாட்டேக்கா. மாசக் கணக்கா பேச மாட்டே. அதை என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியாது" என்றான். "அதோட, மாமாவுக்கு நாள் முழுக்க இருக்கிற சந்தோஷம் அந்த ஒரு பன்னுதான். அதைக் குடுத்தது நான். அவரை எப்படிக் காட்டிக் குடுக்கிறது?"

எனக்கு அவமானமாக இருந்தது. காலையிலிருந்து மனசுக்குள் அந்தப் பையனுக்கு விலங்கு மாட்டி வைத்திருந்தவள் நான். அவன் கலங்கிய கண்ணைப் பார்த்துக் குற்றம் குறுகுறுக்கிறது என்று சொன்னேனே, இந்த வாய் வெந்தது போதாது என்றுதான் தோன்றியது.

பேக்கரிக்காரர் மச்சானிடம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். கண்ணாடிக்கு வெளியே நின்ற கூட்டத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டார். கடைக்கு உள்ளேயே வைத்து மன்னிப்புக் கேட்கலாம் என்று நானே மெதுவாக எடுத்துக் கொடுத்தேன். அவர் முடியாது என்பதுபோல் தலையை ஆட்டினார். உள்ளே வைத்துத் திட்டவில்லையே என்றார்.

கடைக் கதவை அவரே போய்த் திறந்தார். கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்ற கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. அவ்வளவு பெரிய உடம்பு அந்த ஆட்டம் காணும் ஸ்டூலை வாசலில் போட்டு, அதன் மேல் ஏறி நின்றது. கல்லாவில் உட்கார்ந்து ஊருக்கே நியாயம் சொல்கிற மனுஷன். கௌரவத்துக்கு ஒரு கீறல் விழுந்தால் ஒரு வாரம் தூங்க மாட்டார் என்று பிறகு அக்காள் சொன்னாள். தெருவே அவரை அண்ணாந்து பார்த்தது.

"மோதிரத்தைத் தின்னது நான். என் மச்சான் இல்ல" என்றார். குழறல் இருந்தாலும் எல்லோருக்கும் கேட்டது. "அவனைத் திருடன்னு சொன்ன வாய் இதுதான். வெந்துபோய்க் கெடக்கு. யாருக்கு வேணும்னாலும் காட்டுறேன். வந்து பாத்துக்குங்க."

சொல்லிவிட்டு நிஜமாகவே வாயைத் திறந்து காட்டினார். யாரும் சிரிக்கவில்லை. நான்கூடச் சிரிக்கவில்லை.

மச்சான் கூட்டத்தைப் பார்க்காமல் விறுவிறுவென்று அடுப்பறைக்குப் போய்விட்டான். நான் பின்னால் போய் எட்டிப் பார்த்தேன். கொல்லைக் கதவோரம் இருந்த பையை உதைத்து மேஜைக்கடியில் தள்ளிவிட்டு, அடுத்த தட்டுக்கு மாவை எடுத்து ஓங்கி ஓங்கி அறைந்துகொண்டிருந்தான். தோள்பட்டையில் கண்ணைத் துடைத்தான். என்னைப் பார்த்ததும், அடுப்புப் புகை என்றான்.

அது மின்சார அடுப்பு. நான் ஒன்றும் சொல்லாமல், அவன் கைக்கு எட்டும்படி மாவு டப்பாவை நகர்த்தி வைத்துவிட்டு வந்தேன்.